மூன்று ஒயர் வேலைதான், மூன்றையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதிரே வரும் வண்டியின் ஹை பீம் கண்ணைக் கூசவைப்பது பற்றி வாசகர்கள் எழுதுவதுண்டு. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம், காருக்குள் பின்புறம் பார்க்க மாட்டியிருக்கும் உள் கண்ணாடியில் பட்டு முகத்தில் அடிப்பது பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. எஸ்யூவிகள் பெருகிவிட்ட சாலையில் அவற்றின் ஹெட்லைட் உயரமும் சின்ன காரின் பின்கண்ணாடி உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய காரை வைத்திருப்பவர்கள், வெளிச்சம் பட்டால் தானாக இருளும் ஆட்டோ டிம்மிங் கண்ணாடியை வெளியே வாங்கி மாட்டக் கேட்கிறார்கள். வேலை பெரிதல்ல: சப்ளை, எர்த், ரிவர்ஸ் என்று மூன்று ஒயர். ஆனால் பல வண்டிகளில் முதல் ஒயரைக் கண்ட இடத்தில் எடுத்து, மூன்றாவதைப் போடாமலே விட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். மாட்ட நினைப்பவர்களும் மாட்டிக் கொடுப்பவர்களும் அறிந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

காசு செலவழிக்கும் முன் ஒன்று. இப்போதிருக்கும் கண்ணாடியின் அடியில் சின்ன லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கண்ணாடி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு வடிவம் கொண்டது. லீவரைத் தட்டினால் பின்புறப் பூச்சின் பிம்பம் கூரைப் பக்கம் விலகிப்போகும். முன்பக்க வெறும் கண்ணாடியின் பிம்பம் மட்டும் கண்ணுக்கு வரும். அது விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம்தான். ஆட்டோ டிம்மிங் கண்ணாடி நன்றாக இருண்டாலும் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வரை கண்ணுக்கு வரும் என்பதால், இருட்டும் அளவில் லீவருக்கே முதலிடம். ஆட்டோ டிம்மிங்கின் பலன் வேறு. பின்னால் ஒரு பைக் வந்தால் கொஞ்சம், லாரி வந்து ஒட்டினால் அதிகம் என்று தேவைக்கேற்ப இருண்டு, வெளிச்சம் போனதும் தானே தெளியும். தேசிய நெடுஞ்சாலையில் இரவு ஓட்டம் அதிகமுள்ளவருக்கு அது வசதி. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு லீவரே போதும் என்பது எங்கள் கருத்து.

உள்ளே நடப்பது இதுதான். மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல் அடுக்கு. அதற்குச் சுமார் ஒன்றேகால் வோல்ட் கொடுத்தால் ஜெல் நிறம் மாறி இருளும், எடுத்தால் தெளியும். இந்த வகையை 1987-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஜென்டெக்ஸ் நிறுவனம். பழைய சாமான் சந்தையில் கிடைப்பவற்றில் அதன் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். ஜெல்லுக்கு எவ்வளவு வோல்ட் என்று தீர்மானிக்கும் சர்க்யூட் கண்ணாடியின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூடு உடைந்த கண்ணாடியை மட்டும் மலிவாக வாங்கி நேரே 12 வோல்ட் கொடுத்தால் ஜெல் வீணாகிவிடும்.

சென்சார் இரண்டு. கண்ணாடியின் முதுகில் சாலையைப் பார்த்தபடி இருப்பது, வெளியே பகலா இரவா என்று பார்க்கும். ஓட்டுநரைப் பார்த்தபடி இருப்பது பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை அளக்கும். முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி இருளும். பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்தே விளங்கிவிடும்.

வாங்குவதில் முதல் வழி, உங்கள் காரின் அதே மாடலில் உயர்ந்த வேரியன்ட்டுக்கு வந்த கண்ணாடி. கண்ணாடியைத் தாங்க விண்ட்ஷீல்டில் (முன்பக்கக் கண்ணாடியில்) ஒட்டிய பட்டன் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சில மாடல்களில் அதற்கான கனெக்டர்கூட கூரை லைனிங்குக்கு மேலே டேப் சுற்றிக் கிடக்கும். கேபின் விளக்கை இறக்கி ஒருமுறை எட்டிப் பாருங்கள், இருந்தால் பாதி வேலை மிச்சம். இரண்டாவது வழி, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய கார்களின் கண்ணாடி. இங்கே கவனம் தேவை. ரெயின் சென்சாரும் கேமராவும் சேர்ந்த பெரிய அடித்தளம் உள்ளது வேண்டாம். உங்கள் விண்ட்ஷீல்டில் உட்காராது. காரின் கம்ப்யூட்டரோடு பேசும் புதிய சொகுசுக் கார் கண்ணாடிகளும் வேண்டாம்; 12 வோல்ட் கொடுத்தாலும் எழுந்திருக்காது. கடையில் நீல நிறத்தில் தொங்கும், பழைய கண்ணாடி மேல் கிளிப் போட்டு மாட்டும் ‘ஆன்டி கிளேர்’ சரக்கு ஆட்டோ டிம்மிங்கே அல்ல. அது எப்போதும் ஒரே அளவு மங்கலான சாயக் கண்ணாடி. ஒயர் இல்லாத எதுவும் தானாக இருளாது.

பழைய கண்ணாடியை வாங்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். ஒரு 12 வோல்ட் பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு டார்ச் போதும். பல ஜென்டெக்ஸ் கண்ணாடிகளில் கனெக்டரின் 1-ஆம் முனை சப்ளை, 2 எர்த், 3 ரிவர்ஸ். ஆனாலும் அதையே வேதமாக எடுக்காமல், அந்தக் காரின் ஒயரிங் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். சப்ளை ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொண்டு கரன்ட் கொடுங்கள். முதுகுச் சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடி ஓட்டுநரைப் பார்க்கும் முன்சென்சாரில் டார்ச் அடித்தால் சில விநாடிகளில் முழுப் பரப்பும் ஒரே சீராக இருள வேண்டும். டார்ச்சை அணைத்த பிறகும் ஓரத்தில் வளையமாகவோ நடுவில் திட்டாகவோ தெளியாத இடம் இருந்தால் ஜெல் போய்விட்டது. அதைப் பழுது பார்க்க முடியாது. விளிம்பில் பிசுபிசுப்பு இருந்தால் கையே வைக்காதீர்கள். கசியும் ஜெல் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்னும்.

மாட்டும்போது முதல் பயம் விண்ட்ஷீல்டு. பழைய கண்ணாடி சில கார்களில் டார்க்ஸ் டி-20 ஸ்க்ரூவில் நிற்கும், சிலவற்றில் மேல்நோக்கித் தள்ளினால் வரும், சிலவற்றில் கால் திருப்பு திருப்ப வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் முறுக்கினால் விண்ட்ஷீல்டு விரிசல் விடும். பட்டன் பொருந்தாவிட்டால் புதுப் பட்டன் ஒட்ட வேண்டும். பழைய பட்டனை ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி எடுங்கள். பிளையர் வைத்துப் பிடுங்கினால் உள் அடுக்கு சில்லாகப் பெயரும். பிறகு வெளிப்பக்கம் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து, மிச்சப் பசையை பிளேடால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஆக்டிவேட்டரும் பசையும் தனித்தனியாக வரும் கண்ணாடி ஒட்டும் பசையால் ஒட்டுங்கள். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு நாள் கழித்துத்தான் கண்ணாடியைத் தொங்கவிட வேண்டும். நிழலில் நிறுத்திச் செய்யுங்கள். ஃபெவிக்விக் போல உடனே ஒட்டும் பசை சித்திரை வெயிலுக்குத் தாங்காது. சிலிக்கான் இளகலாக இருப்பதால் கண்ணாடி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டோ டிம்மிங் கண்ணாடி சாதாரணத்தைவிடக் கனம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி சப்ளை. கடைக்காரர்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று கேபின் விளக்கிலிருந்து எடுப்பார்கள். அந்த ஒயரில் சாவி எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். கண்ணாடி 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரிக் கடைக்குப் போவது இதனால்தான். எர்த்தையும் அங்கேயே எடுத்தால் வேடிக்கை இன்னும் அதிகம். கேபின் விளக்கின் நெகட்டிவ் பல கார்களில் கதவு சுவிட்ச் வழியாகப் போகிறது. கதவைத் திறந்தால்தான் கண்ணாடி வேலை செய்யும்.

சரியான இடம், டேஷ்போர்டின் கீழே உள்ள ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு ஃபியூஸ். ஸ்டீரியோ, வைப்பர் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கன்ட்ரோல் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம். அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, இரண்டு பிளேடு ஃபியூஸ் பிடிக்கும் ‘ஃபியூஸ் டேப்’ (fuse tap) ஹோல்டரைச் செருகி, பழைய ஃபியூஸைக் கீழ்க் குழியிலும் கண்ணாடிக்கான 2 ஆம்பியர் ஃபியூஸை மேல் குழியிலும் போடுங்கள். ஒயர் 0.5 சதுர மில்லிமீட்டர் போதும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து கண்ணாடி வரை சுமார் மூன்று மீட்டர் வேண்டும். எர்த்தை பாடியில் உள்ள போல்ட் ஒன்றில் ரிங் டெர்மினல் வைத்து, அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டி, இறுக்குங்கள். எர்த் சரியில்லாவிட்டால் கண்ணாடி இருண்டு தெளிந்து மினுக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் ரிவர்ஸ் ஒயர். ரிவர்ஸ் கியர் போட்டதும் கண்ணாடி உடனே தெளிய வேண்டும் என்று சொல்வது இந்த ஒயர்தான். அது இல்லாவிட்டால் இரவில் இருட்டுச் சந்தில் பின்னால் எடுக்கும்போது, பின்னால் நிற்கும் வண்டியின் விளக்கு பட்டு, எப்போது நன்றாகத் தெரிய வேண்டுமோ அப்போது கண்ணாடி கறுத்து நிற்கும். பின்னால் போகும் குழந்தை தெரியாது. டிக்கி வரை ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டுத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ரிவர்ஸ் கேமரா மாட்டிய காரில் அந்தச் சோம்பலுக்கும் அவசியமில்லை. ஸ்டீரியோவின் பின்னால், ரிவர்ஸ் போட்டால் மட்டும் கரன்ட் வரும் ட்ரிகர் ஒயர் ஏற்கெனவே வந்து நிற்கிறது, அதிலிருந்து எடுக்கலாம். கேமரா இல்லாவிட்டால் பின் விளக்குக் கொத்திலிருந்து ஐந்து மீட்டர் அளவுக்கு ஒயர் இழுக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த ஒயரைத் தேடாதீர்கள். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து, ரிவர்ஸில் 12 வோல்ட், நியூட்ரலில் பூஜ்யம் என்று வர வேண்டும். அவசரத்தில் டெயில் லைட் ஒயரில் சேர்த்துவிட்டால் ஒரு விநோதக் கோளாறு வரும். பகலில் பட்டறையில் சோதிக்கும்போது கண்ணாடி அழகாக இருளும். இரவில் ஹெட்லைட் போட்டதும் டெயில் லைட்டுக்கும் கரன்ட் வருவதால், கண்ணாடி ரிவர்ஸ் என்று நினைத்துக்கொண்டு இருளவே இருளாது. ‘கண்ணாடி டூப்ளிகேட்’ என்று திட்டுவார்கள். பாவம், கண்ணாடிமேல் குற்றமில்லை. ஆகவே சோதனையை ஹெட்லைட் போட்டும் ஒருமுறை செய்ய வேண்டும்.

ஒயரைக் கூரை விளிம்புக்குள் செருகி, ஓரத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் கீழே இறக்குவது வழக்கம். கர்ட்டன் ஏர்பேக் உள்ள காராக இருந்தால் அந்த மூடியைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். புது ஒயர் ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. ஏற்கெனவே உள்ள ஒயர்க் கட்டோடு சேர்த்து, பின்பக்கமாகக் கட்டுங்கள். ஏர்பேக்குக்கு உரிய மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் எதிலும் டெஸ்ட் லேம்ப் குத்தவே கூடாது. சன்ரூஃப் உள்ள காரில் அதே தூணுக்குள் தண்ணீர் வடியும் டியூப் இருக்கும். அது நசுங்கினால் அடுத்த மழையில் கால் விரிப்பு நனையும். இணைப்புகளை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவதை விடுங்கள். வெயிலில் அதன் பசை உருகி டேப் தானே பிரிந்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

மாட்டிய பிறகு வரும் புகார்களில் முக்கியமானது ஃபாஸ்டேக். பலர் அதை உள் கண்ணாடியின் பின்னால், விண்ட்ஷீல்டின் நடு உச்சியில் ஒட்டியிருக்கிறார்கள். அது முதுகுச் சென்சாரை மறைத்தால், கண்ணாடிக்கு எப்போதும் இரவுதான். மாலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது பட்டப்பகலில் கண்ணாடி கறுத்துப்போகும். உச்சியில் ஒட்டும் நிறப் பட்டை, டேஷ்கேமரா, கண்ணாடியில் தொங்கும் திருஷ்டி பொம்மை எல்லாம் இதே வேலையைச் செய்யும். மறுபுறம், பின்கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தாலோ, பின்சீட்டில் தலைக்கு மேல் மூட்டை அடுக்கியிருந்தாலோ முன்சென்சாருக்கு வெளிச்சமே வராது, கண்ணாடி இருளாது. கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்தது என்பது தனிக் கதை.

இத்தனை செய்தும் இருபக்க வெளிக் கண்ணாடிகள் கூசிக்கொண்டுதான் இருக்கும். விலை உயர்ந்த சில கார்களில் உள் கண்ணாடியிலிருந்தே இரண்டு ஒயர் வெளிக் கண்ணாடிக்கும் போய் அதையும் இருளவைக்கும். பழைய காரில் அதற்காகக் கதவைப் பிரித்து ஒயர் இழுப்பது வீண் வேலை. வெளிக் கண்ணாடியைப் பக்கத்துத் தடம் தெரியும்படி கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால், நேர் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணுக்கு வருவது குறையும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை செய்யும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்.