பாட்டிலுக்குள் என்ன தானியம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுக்கடை வருவாய், கடை திறப்பு, கடை மூடல் பற்றிய செய்திகள் நம் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது எதிலிருந்து வடித்தது என்று கேட்டு ஒரு வரியும் நான் படித்த நினைவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் செய்பவன் நான். அண்மையில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மணிவிழாவுக்குச் சமைத்தேன். அந்த வீட்டு இளைய மகன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் வேலை பார்க்கிறார். விழா முடிந்து விருந்தாளிகள் ஊர் திரும்பிய பின், பள்ளத்தூரில் என் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். "அண்ணே, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆலையில் வடிக்கும் ரை விஸ்கி இது. நீங்கள் சுவைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

திறக்கும் முன் லேபிளைப் படித்துக் காட்டச் சொன்னேன். ரை என்னும் தானியம் 80 விழுக்காடு, முளைகட்டிய பார்லி 20 விழுக்காடு. ரை விளைந்த பண்ணை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதும் இருந்தது. கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் இரண்டு ஆண்டு. ஆல்கஹால் 50 விழுக்காடு. மணிவிழாவுக்கு ஆச்சி எழுதித் தந்த சாமான் பட்டியலைப் படிப்பதுபோல் இருந்தது எனக்கு: எந்த அரிசி, எந்த எண்ணெய், எத்தனை படி என்று எல்லாம் கண்ணெதிரே.

ரை கோதுமைக்கு உறவான, கடுங்குளிரைத் தாங்கும் தானியம். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியேறிய ஜெர்மானியர்கள் அதை விதைத்தார்கள். தானிய மூட்டைகளைக் குதிரை மேல் ஏற்றி மலை தாண்டுவதைவிட, வடித்துப் பீப்பாயில் கொண்டுபோவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 1791-இல் அதற்கு அரசு வரி போட்டது. மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1794-இல் ஜார்ஜ் வாஷிங்டன் படை திரட்டி அதை அடக்கினார். அதே வாஷிங்டன் 1797-இல் மவுன்ட் வெர்னானில் தம் பண்ணையிலேயே வடிசாலை தொடங்கினார். அங்கே ஊறப்போட்ட தானியத்தில் ரை 60 பங்கு, மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 5. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கணக்கை நாம் சொல்ல முடிகிறதென்றால், அந்த வடிசாலையின் பேரேடுகள் பிழைத்துக் கிடப்பதால்தான்.

1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் அங்கே பல ஆலைகள் அழிந்தன. பழைய ரை வகைகளும் வயலை விட்டுப் போயின. ரோசன் என்றொரு வகை, 1909-இல் ரஷ்யாவிலிருந்து மிச்சிகனுக்கு விதையாக வந்தது. ரை அயல் மகரந்தத்தில் கலந்துவிடும் பயிர் என்பதால், விதையின் தூய்மையைக் காக்க ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவில் அதை வளர்த்தார்கள். மறைந்துபோன அந்த வகையை இப்போது சின்ன ஆலைகளுக்காக மீண்டும் பயிரிடுகிறார்கள். கவுனி அரிசியைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு அந்த அருமை புரியும்.

இனி சுவைக்கு வருகிறேன். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஒரு மடக்கு ஊற்றி, எதுவும் சேர்க்காமல் முகர்ந்தேன். குவளைக்குள் மூக்கை நுழைத்தால் ஆல்கஹால் எரிக்கும். மோவாய்க்கு அருகில் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து வைத்தால் மணங்கள் பிரிந்து வருகின்றன. முதலில் வந்தது சீமைச் சீரகம். அடுத்துக் கிராம்பு, காய்ந்த புதினா, அதற்கும் பின்னால் இழைத்த மரத்தின் மணம். நாக்கில் இனிப்பு குறைவு. மிளகு தொண்டையில் பிடிக்கும். இந்த உறைப்பு சுக்கைப்போல நாக்கின் இரு ஓரங்களிலும் நின்றது. விழுங்கிய பின் வாய் உலர்ந்து, வறுத்த தானியத்தின் மெல்லிய கசப்பு தங்கியது. பானைத் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டதும் கிராம்பு அடங்கி, புளித்த மாவு வெந்த வாசனை மேலே வந்தது. அதுதான் தானியத்தின் சொந்தக் குரல். அதைக் கண்டுகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இந்த மணங்களில் எதையும் மசாலாவாகச் சேர்க்கவில்லை. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்னும் பொருள் ஓக் மரத்திலும் இருக்கிறது. பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கும்போது மரத்திலிருந்து வெனிலா மணம் பிறக்கிறது. ரையின் தோலில் உள்ள ஒரு அமிலம், நொதிக்கும்போது ஈஸ்டின் வேலையால் காரமணமாக மாறுகிறது.

குறையும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு இந்த நிறம் அதிகம் என்று கேட்டபோது, அந்த ஆலை சின்னப் பீப்பாய்களில் ஊறவைப்பதாகத் தம்பி சொன்னார். சின்னப் பீப்பாயில் மரம் சீக்கிரம் ஏறிவிடும், சாராயம் முதிரக் காலம் போதாது. இந்தப் பாட்டிலிலும் மரத்தின் துவர்ப்பு தானியத்தை முந்திக்கொண்டு நிற்கிறது. பெரிய பீப்பாயில் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டுக்கொள்ள உப்புக்கறி வைத்தேன். மிளகாயின் காரமும் ரையின் காரமும் ஒன்றையொன்று கெடுத்தன. தேன்குழல் பொருந்தியது. எல்லாவற்றையும்விடப் பொருந்தியது, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய கவுனி அரிசி.

இப்போது நம் பக்கம். நம் நாட்டில் விஸ்கி என்று விற்பவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, மொலாசஸ் என்னும் கரும்புச் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து எடுத்த சாராயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அங்கே விஸ்கி தானியத்திலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவில் ரை விஸ்கி என்று எழுத, தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு ரை இருந்தாக வேண்டும். நம்மால் முடியாததும் அல்ல. பெங்களூருவின் அம்ருத் ஆலை, முளைகட்டிய பார்லியை மட்டுமே கொண்டு ஒரே ஆலையில் வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தியது. முளைகட்டிய ரையை மட்டுமே கொண்டும் ஒரு விஸ்கி வடித்திருக்கிறது.

நான் பார்த்த மலிவு விலைப் பாட்டில்களில் விலை, அளவு, ஆல்கஹால் விழுக்காடு, எச்சரிக்கை வாசகம் எல்லாம் இருக்கின்றன. தானியம் எத்தனை பங்கு, மொலாசஸ் எத்தனை பங்கு, பீப்பாயில் எவ்வளவு காலம் கிடந்தது என்பது இல்லை. ஒரு கல்யாணத்தில் நெய்யில் செய்ததாகச் சொல்லி டால்டாவில் இனிப்புச் செய்து கொடுத்தால் அந்த ஊரில் எனக்கு அடுத்த முகூர்த்தம் கிடையாது. குடிப்பவருக்கு மட்டும் அந்தக் கேள்வி கேட்கும் உரிமை ஏன் இல்லை?

குடியை நான் உயர்த்திப் பேசவில்லை. என்னோடு அடுப்படியில் நின்ற, கைப்பக்குவத்தில் என்னைவிடச் சிறந்த சிலரைக் குடிக்குப் பறிகொடுத்தவன் நான். அவர்களில் ஒருவரும் சுவைக்காகக் குடித்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கி, ஊறுகாயை நாக்கில் தடவிக்கொள்வார்கள். ரசத்தில் பெருங்காயம் ஒரு துளி கூடினால் கண்டுபிடித்துவிடும் நாக்குகள் அவை. அந்த நாக்குகளுக்குள் என்ன போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. ஒரே ஒரு வாங்குபவராக நிற்கும் அரசு, விற்க வரும் ஆலைகளுக்கு நிபந்தனை போடுவது கடினமான காரியமல்ல. மூலப்பொருளும் அதன் பங்கும், ஊறிய காலமும், நிறத்துக்குக் கேரமல் சேர்த்திருந்தால் அதுவும், படிக்கும் அளவு எழுத்தில் தமிழில் லேபிளில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். துறை அமைச்சரைப் பேட்டி காணும்போது வருவாய்க் கணக்கோடு இதையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். வரும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணச் சமையல்காரர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.