ரயில் படங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

போர்ட்லண்ட், பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவில் மாட்டியிருந்த ரயில் படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வந்து கை கொடுத்தீர்கள். படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டு சின்னது, அதில் என் பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஆனால் இருட்டில், மழையில், நகர்கிற நீராவி ரயிலை ஒருத்தர் தனியாகப் படம் எடுத்துவிட முடியாது. விட்டுப்போன பெயர்களுக்காக இந்த மடல். ஆனால் பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள், அதனால் இங்கேயும் பெயர் இல்லை!

முதல் நன்றி, போர்ட்லண்டில் இருக்கிற ஓரிகன் ரயில் பாரம்பரிய மையத்தின் தன்னார்வலர்களுக்கு. டிசம்பரில் வில்லமெட் ஆற்றங்கரையோரம் விளக்கு அலங்காரத்தோடு போய்வரும் ‘ஹாலிடே எக்ஸ்பிரஸ்’ அவர்கள் உழைப்பு. அங்கே இருக்கிற 4449 எண் இஞ்சின் 1941-ல் ஒஹாயோவின் லிமா இஞ்சின் தொழிற்சாலையில் செய்தது. அதை ஓட்டும் பெரிய சக்கரம் ஒவ்வொன்றும் 80 அங்குல உயரம், பக்கத்தில் நின்றால் என் தலைக்கு மேலே போகிறது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி அதை 1958-ல் நகரத்துக்குக் கொடுத்துவிட, ஓக்ஸ் பார்க்கில் 16 வருஷம் வெறுமனே நின்றது. அமெரிக்காவின் 200-வது ஆண்டுக்கான சுதந்திர ரயிலை இழுக்க 1974-ல் வெளியே எடுத்து உயிர் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதே பூங்காவை ஒட்டித்தான் இந்தத் தடம் போகிறது. கூடவே 1938-ல் பால்ட்வின் கம்பெனி செய்த 700 எண் இஞ்சினும் இருக்கிறது. அலங்காரம் இல்லாத அதன் கறுப்பு முகம்தான் ராத்திரிக்கு அழகு என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஃப்ளாஷ் வைக்கலாமா என்று கேட்டபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் உடனே மறுக்கவில்லை. எங்கே வைப்பாய், எந்தப் பக்கம் பார்க்கும், எத்தனை தடவை மின்னும் என்று விசாரித்தார். டிரைவர் கண்ணில் அடிக்கவே கூடாது, சக்கர மட்டத்துக்குத் தாழ்த்தி வை, டிரைவரிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றார். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் டிரைவருக்குச் சில நொடிகள் தடமே தெரியாது. அனுமதி கேட்பது வெறும் மரியாதைக்காக இல்லை என்று அவர் கேட்ட கேள்விகளிலேயே புரிந்தது.

அடுத்து, அந்த ஃப்ளாஷைப் பிடித்துக்கொண்டு நின்ற நம்ம அண்ணாச்சி. கேமரா பக்கத்திலிருந்தே வெளிச்சம் அடித்தால் நீராவி வெள்ளைச் சுவர் மாதிரி தட்டையாகிவிடும், மழைத்துளிகள் எல்லாம் புள்ளி புள்ளியாய் விழும். பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலிருந்து அடித்தால்தான் புகையின் மடிப்புகள் தெரியும். அதற்கு ஓர் ஆள் தள்ளிப் போய் நிற்க வேண்டும், ஈரத்தில், படத்திலும் விழாமல். “எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது தம்பி, எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு” என்பார். சாயங்காலம் முழுக்க நின்றார். குடை ஃப்ளாஷுக்கு, தலை மழைக்கு.

ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற நியூயார்க் விளம்பரப் புகைப்படக்காரரைப் பற்றி விழாவில் சிலரிடம் சொன்னேன். 1955-லிருந்து 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி ரயில்களை ராத்திரியில் எடுத்தவர். அந்தக் கால ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். வயல், வீடு, பாலம் என்று பல்புகளை வைத்து, வயர் இழுத்து, ரயில் வரும் நொடிக்குக் காத்திருப்பார். தவறினால் அந்த ரயில் போனதுதான். அவருக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள், ரயில்வே ஊழியர்களும் ஒத்துழைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி மாமா, என் மனைவியின் அப்பா. திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரனைப் பார்க்க வந்தார். எல்லோரும் மிகவும் ரசித்தீர்களே, இஞ்சின் அடியிலிருந்து வெண்புகை பொங்கும் அந்தப் படம், அது அவர் காதால் எடுத்தது. நின்ற இஞ்சினின் சிலிண்டரில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். அதோடு ஓட்டினால் சிலிண்டரே உடையும். அதனால் கிளம்பும்போது சிலிண்டர் காக் என்ற சின்ன வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். அப்போது இரண்டு பக்கமும் நீராவி பீறிடும். சில நொடிதான். “மாப்பிள்ளை, இப்ப திறப்பாங்க பாருங்க” என்று அவர் சொன்னதும் விரலை அழுத்தினேன். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்காற்றில் சுருங்கித் துளியான பிறகுதான் வெள்ளையாகிறது. போர்ட்லண்டின் ஈரமும் குளிரும் அதைச் சீக்கிரம் கலையவும் விடுவதில்லை. நாம் டிசம்பர் முழுக்கத் திட்டுகிற அதே வானிலை!

வழியில் ஓடும் ரயிலை மட்டும் ஃப்ளாஷ் இல்லாமல்தான் எடுத்தேன். அதற்கு யோசனை சொன்னவர், தடத்தை ஒட்டிப் போகும் ஸ்பிரிங்வாட்டர் நடைபாதையில் எனக்கு முன்பே இடம் பிடித்திருந்த ஓர் அம்மையார். எலக்ட்ரானிக் ஷட்டரை அணை, அலங்கார எல்.இ.டி. விளக்குகள் கோடு கோடாக விழும் என்றார். தண்டவாளத்தில் டார்ச் அடித்து முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடு, இஞ்சின் முகப்பு விளக்கைப் பார்த்து வெளிச்ச அளவை வை, இருட்டாக விழும் இடங்களைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம் என்றார். எஃப் 1.8, நொடியில் 125-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 6400 வரை. விழாவில் கேமரா அளவுகளைக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ரயில் வரும்போது சைக்கிள் விளக்கைத் தாழ்த்திய, முகம் தெரியாத நண்பர்களுக்கும் நன்றி.

வீட்டில் எல்லா சனி, ஞாயிறும் ஃப்ளாஸ்க் நிறைய சுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, தானும் வந்து நடுங்கியவளுக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டு விழும். விட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயம் பாக்கி. பெட்டி ஜன்னலில் சிவப்புத் தொப்பிக் குழந்தையோடு கையசைத்த குடும்பத்தின் படம் என்னிடம் இருக்கிறது. அனுமதி வாங்காததால் விழாவில் மாட்டவில்லை. அது நீங்களாக இருந்தால் சொல்லுங்கள், பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.

அடுத்த டிசம்பரில் கேமராவோடு வர நினைப்பவர்கள் முதலில் ஒரு தடவை டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து போய்வாருங்கள். அந்தப் பணம் இஞ்சின்களைக் காப்பாற்றத்தான் போகிறது. அப்புறம் நடைபாதைக்கு வாருங்கள், தண்டவாளப் பக்கம் வேண்டாம். ஃப்ளாஷ் நான் தருகிறேன், குடை மட்டும் கொண்டுவாருங்கள்.