பழைய ஹாம் செட்டுக்கு மாற்று வால்வு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை என்று வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்தும் பழைய ஹாம் (அமெச்சூர் வானொலி) டிரான்சீவர்களை, அதாவது பேசவும் கேட்கவும் உதவும் செட்களை, நம்பிக்கையோடு எங்களிடம் ஒப்படைக்கிறீர்கள். அண்மைக் காலமாகப் பலர் கேட்பது இதைத்தான்: "வால்வுதான் கையில் இருக்கிறதே, மாட்டித் தருவதற்கு ஏன் இத்தனை நாள்?" நியாயமான கேள்வி. விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மேசைக்கு அதிகம் வருவது 1970களின் யாயெசு எஃப்டி-101. ஆன்டெனாவுக்குப் போகும் சமிக்ஞையைப் பெருக்கும் அதன் கடைசிக் கட்டத்தில் இருப்பவை இரண்டு 6ஜேஎஸ்6சி வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). தொலைக்காட்சிப் பெட்டிக்காகப் பிறந்த இனம். வால்வு டிவி வழக்கொழிந்ததும் இதுவும் அருகிவிட்டது. நல்ல ஜோடி இன்று குதிரைக்கொம்பு. எனவே அந்த இடத்தில் 6146பி என்ற வேறு வால்வைப் பொருத்துகிறோம். இது அலைபரப்பிகளுக்கென்றே உருவானது, நன்றாக உழைக்கும். ஆனால் பழையதற்குக் கால்கள் 12, இதற்கு 8. சாக்கெட்டையே மாற்ற வேண்டும். அதற்காகச் செட்டின் உலோகச் சட்டமான சேசிஸை அரத்தால் ராவுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அலுமினியத் தகடு வெட்டி, அதில் புதிய சாக்கெட்டை அமர்த்தி, ஏற்கெனவே உள்ள திருகு ஓட்டைகளிலேயே முடுக்குகிறோம். நாளை அசல் வால்வு கிடைத்தால் செட் பழைய நிலைக்கே திரும்பலாம்.

"ஒன்று நன்றாகத்தான் இருக்கிறது, மற்றதை மட்டும் மாற்றுங்கள்" என்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வால்வுகளின் சூடேற்றும் இழைகளும் தொடராக இணைந்து 12.6 வோல்ட்டில் எரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் 6.3. பழைய வால்வின் இழை 2.25 ஆம்பியர் கேட்கும், 6146பிக்கு 1.125 போதும், சரிபாதி. கலந்து மாட்டினால் பங்கு குலைந்து, புதியதன் மேல் 8 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். பழையது 4 வோல்ட் அளவில் மங்கிக் கிடக்கும். புது வால்வு வீணாவதுதான் மிச்சம்.

நாள் பிடிப்பது இதற்குப் பிறகுதான். வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் பயஸையும் ஸ்கிரீன் வோல்ட்டேஜையும் புதிய வால்வுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். பிறகு 28 மெகாஹெர்ட்ஸில் நியூட்ரலைசிங், அதாவது வால்வின் வெளியீடு உள்ளீட்டுக்கே திரும்பிக் கசிவதைச் சமன்செய்வது. ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடில் செட்டை இணைத்து, பிளாஸ்டிக் திருப்புளியால் கண்டென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறோம். பிளேட் மின்னோட்டம் இறங்கும் இடமும் வெளியீடு உச்சம் தொடும் இடமும் ஒன்றாகும்வரை விடுவதில்லை. இதில் அவசரப்பட்டால் வால்வு தானாகவே அலைவுறத் தொடங்கி, பக்கத்து அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டும். உரிமம் பெற்று அலைபரப்பும் ஒருவருக்கு அது அழகல்ல.

டிரான்சிஸ்டர் செட்களிலும் இதே கதைதான். அவற்றின் வெளியீட்டு டிரான்சிஸ்டரான 2எஸ்சி1969 என்ற பெயரில் போலிகள் மலிந்துவிட்டதால் ஆர்டி16எச்எச்எஃப்1 என்ற மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரைப் போடுகிறோம். உருவம் ஒன்றுதான், ஆனால் பழையதில் கலெக்டர் இருந்த நடுக்கால் இதில் சோர்ஸ். பயஸ் வோல்ட்டேஜும் வேறு. அப்படியே பற்றவைத்தால் போச்சு.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களில் 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் ரகம் மட்டுமே போடுகிறோம். வேலூர்க் கோடையில் 85 டிகிரி ரகத்தை நம்புவதற்கில்லை.

செட்டுடன் மைக், பவர் கார்டு, கைவசம் இருந்தால் சர்க்யூட் படம் ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள். முன்பு யாராவது கைவைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தேடும் நேரம் மிச்சமாகும். வீட்டில் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 600 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
பழுதுபார்ப்புப் பிரிவு,
வேலூர்