மூன்றாம் வகுப்பில் எதுகை வேட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாக்களையொட்டி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் சில பள்ளிகளில் கவிதைப் போட்டி நடத்துகிறார்கள். ‘மரம் வளர்ப்போம்’ போன்ற தலைப்பை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவதால், எட்டு வயதுப் பிள்ளை மேடையில் ஒப்பிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததாகவே இருக்கிறது. நடுவராக அமர்ந்து அத்தகைய கவிதைகளுக்கு நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையே எழுதினாலும் எதுகை வந்து குறுக்கே நிற்கிறது. ‘மரம்’ என்று எழுதியவுடன் கரம், வரம், தரம் என்று தேடத் தொடங்கும் பிள்ளைக்கு, தான் சொல்ல வந்தது கொல்லைப்புறத்து வேப்பமரம் என்பதும் அதில் ஊஞ்சல் கட்டியிருந்தது என்பதும் மறந்துபோகிறது. ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’ கேட்டு வளர்ந்த காதுக்கு ஓசை புதிதன்று; அதை விதியாக்கிக் கையில் கொடுப்பதைத்தான் சற்றுத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968இல் நியூயார்க் நகரின் 61ஆம் எண் அரசுப் பள்ளியில் கவிதை கற்பிக்கச் சென்றபோது, ஆளுக்கு ஒரு வரி மட்டும் எழுதச் சொன்னார். அவ்வரி ஓர் ஆசையைச் சொல்லித் தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறமும், ஒரு சித்திரக்கதைப் பாத்திரமும், ஓர் ஊரோ நாடோ வர வேண்டும். பிறகு எல்லா வரிகளையும் சேர்த்து வகுப்பின் கவிதையாக வாசித்தார். இம்முறையை என் வகுப்பில் செய்து பார்த்தபோது எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் வரியின் தலையில் நிற்கும் ஆசை, தமிழில் வரியின் கடைசிக்கு வந்துவிடுவதால், இருபது பிள்ளைகளின் வரிகளும் கேட்காமலே ஒரே ஓசையில், அதாவது இயைபுடன், முடிந்தன. ‘மஞ்சள் பஸ்ஸில் மதுரைக்குப் போக ஆசை’ என்று எழுதிய பிள்ளைக்கு மோனை என்ற சொல்லே தெரியாது.

எழுத்துக்கூட்டவே திணறும் முதல் இரு வகுப்புகளில் பிள்ளைகள் சொல்வதை ஆசிரியரே கரும்பலகையில் எழுதலாம். மழை பெய்த மறுநாள் ஒரு சிறுவன் சொன்னான்: “டிராக்டர் தடத்துத் தண்ணியில நிலா எங்கூடயே வருது.” அதை அப்படியே எழுதி வைத்தேன். பார்த்த சக ஆசிரியர் ஒருவர், இதில் கவிதை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பலகையைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இவ்வயதினருக்குப் போட்டி வேண்டுமென்றால், தலைப்பை முன்கூட்டித் தராமல் அங்கேயே வாய்மொழியாகச் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுமாறு பள்ளிகளை வேண்டுகிறேன். தங்கள் இதழின் சிறுவர் பகுதிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகள் அனுப்பும் வரிகளில் எழுத்துப்பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். ‘தண்ணியில’ என்பதை மட்டும் ‘நீரினில்’ என்று மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.