பாடக்குறிப்பில் ஒரு வரி

தாராவி, மும்பை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழைக்காக இரண்டு நாள் பள்ளி விடுமுறை விட்டிருக்கிறார்கள், அதனால்தான் இப்போதாவது உட்கார்ந்து எழுத முடிகிறது. நீ தலைமையாசிரியை ஆன செய்தியைப் படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் ஆசிரியர்கள் பாடக்குறிப்பில் கற்றல் நோக்கம் என்ற இடத்தில் எந்தப் பாடமானாலும் "மாணவர்கள் புரிந்துகொள்வர்" என்றே எழுதுகிறார்கள், எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தாய். நானும் பல வருடம் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். போன வருடம்தான் அந்தச் சொல்லை விட்டேன்.

இரண்டாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். "ஈரிலக்க எண்களின் இடமதிப்பைப் புரிந்துகொள்வர்" என்று எழுதிவிட்டுப் பாடம் எடுத்தேன். பலகையில் பத்து, ஒன்று என்று கோடு போட்டுக் காட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பே சேர்ந்து பதில் சொன்னது. எனக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் "நாற்பத்தேழு" என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஒரு பெண் 407 என்று எழுதியிருந்தாள். ஒரு பையன் 74 என்று எழுதியிருந்தான்.

இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஏதோ உறுத்த, கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். அந்தப் பெண் 'நாற்பது' என்று காதில் விழுந்ததும் 40 எழுதி, பக்கத்தில் 7 போட்டிருக்கிறாள். பையன் கதை வேறு. சாயங்காலம் அப்பாவின் காய்கறித் தள்ளுவண்டியில் நிற்கிறவன். அங்கே விலையெல்லாம் இந்தியில்தான். 'சைந்தாலீஸ்' என்னும்போது ஏழு முன்னால் வரும், நாற்பது பின்னால் வரும். மராத்தியிலும் அப்படித்தான், 'சத்தேசாளீஸ்'. அவன் மனதில் எண் அந்த வரிசையில் ஓடுகிறது. தப்பு என்ற பெயரில் இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேறு சிக்கல் இருந்திருக்கிறது. என் நோக்கத்தில் இருந்த 'புரிந்துகொள்வர்' இரண்டில் ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை.

(2019இல் இங்கே மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் இரண்டாம் வகுப்பு மராத்திக் கணக்குப் புத்தகத்தில் இருபத்தொன்றை, ஒன்று முன்னால் வரும் 'ஏக்வீஸ்' என்பதோடு, இருபது முன்னால் வரும் 'வீஸ் ஏக்' என்றும் சொல்லலாம் என்று கொண்டுவந்தபோது பெரிய சர்ச்சை ஆனது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று பலரும் கோபப்பட்டார்கள். அந்தப் பையனைப் பார்த்த பிறகு அவர்கள் எதற்காகச் செய்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.)

அப்புறம் நோக்கத்தை இப்படி மாற்றி எழுதினேன்: "20 முதல் 50 வரை நான் சொல்லும் எண்ணைக் கேட்டு, குச்சிகளைப் பத்துக் கட்டாகவும் உதிரியாகவும் எடுத்து வைத்து, அந்த எண்ணை எழுதுவர்." ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும்தான் செலவு. அந்தப் பெண் நாலு கட்டு, ஏழு உதிரி வைத்தாள், தான் எழுதிய 407ஐப் பார்த்தாள், பூஜ்யத்தை அவளே அழித்தாள். பையன் ஏழு கட்டு எடுத்து வைத்து எண்ணிப் பார்த்து, திரும்ப மாற்றி வைத்தான். அவனுக்கு மூன்று நாள் ஆனது. ஆகட்டும். மூன்று நாளும் அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஏன் 50 வரை என்று கேட்பாய். நம் தமிழில் தொண்ணூறு இருக்கிறதே! பேரில் நூறு ஒலிக்கும், எழுதினால் இரண்டு இலக்கம். அதையும் சேர்த்து ஒரே பாடவேளையில் நடத்தினால் எல்லாம் குழம்பிவிடும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், தனியாக ஒரு நோக்கமும் வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில், கற்றல் நோக்கங்களை வகைப்படுத்த அமெரிக்கக் கல்வியாளர் புளூம் வகுத்த ஆறு படிகளை நாம் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அறிவு, புரிதல், பயன்படுத்துதல் என்று ஒப்பித்தோமே. 1956இல் வந்தது அது. 2001இல் திருத்தியபோது அந்தப் பெயர்ச்சொற்களை எல்லாம் வினைச்சொற்களாக மாற்றினார்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே அது?

இன்னொன்றும் உன் நோட்டுகளில் இருக்கும், பார். "நீர் ஆதாரங்கள் படம் வரைந்து வண்ணம் தீட்டுவர்" என்று நோக்கம் எழுதியிருப்பார்கள். அது செயல்பாடு. வண்ணம் தீட்டி முடித்த பிள்ளைக்குக் காலையில் தெரியாத எது இப்போது தெரிகிறது என்பதுதான் நோக்கம்.

சின்ன வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும், மத்திய அரசின் நிபுண் பாரத் ஆகிய திட்டங்களின் கற்றல் விளைவுகளை அப்படியே நகல் எடுப்பதாகவும் எழுதியிருந்தாய். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது நல்ல இலக்குதான், நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அது வருடக் கணக்கில் எட்ட வேண்டிய இடம். திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளைக்கு அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை ஆசிரியர்தான் நறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலையை மேலிருந்து யாரும் செய்து தர முடியாது, ஏனென்றால் தள்ளுவண்டிப் பையன் அவர்களுக்குத் தெரியாது.

நீ நோட்டில் சிவப்பு மையால் திருத்தாதே, செல்வி. பக்கத்தில் உட்கார வைத்து, "பீரியட் முடியும்போது எதைப் பார்த்து இது பிள்ளைக்கு வந்துவிட்டது என்று சொல்வீர்கள்?" என்று மட்டும் கேள். முடிந்தால் கடைசி ஐந்து நிமிடம் வகுப்புக்குள் போய் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார். நான் இப்போது பிள்ளைகளிடமே முதலில் சொல்லிவிடுகிறேன்: "கடைசியில நான் எண் சொல்வேன், நீங்க குச்சியில காட்டணும்." நான் மறந்தாலும் அவர்கள் விடுவதில்லை, "டீச்சர், குச்சி?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

மே மாதம் ஊருக்கு வருவோம். அதற்குள் புளியமுத்து ஒரு பை சேர்த்து வை. இந்த மழைக்குக் குச்சியெல்லாம் பூஞ்சை பிடித்துப்போகிறது.

அன்புடன்,
பொன்னு