கண்ணாடியடியில கிடந்த கேஸ் டின்

மனே,

நேத்து நீ வாட்ஸ்அப்பில அனுப்பின படத்தில கொம்மா வேன்ட வடிவப் பாத்துக்கிட்டு இருந்தா, எனக்கு கண் போனது பின்கண்ணாடிக்கிட்ட கிடந்த அந்த நீட்டு கேஸ் டின்லதான். அடுப்பு வாங்கினது பிழையில்ல, உகந்தைக் கோயிலடியில இரவு தங்கி தேத்தண்ணி ஊத்திக் குடிக்க எனக்கும் ஆசைதான், ஆனா அத வெக்கிற இடமாடா அது?

டின்னத் திருப்பி வாசிச்சயா, 50 பாகைக்கு மேல சூடு படக்கூடாது எண்டு போட்டிருக்கும். இஞ்ச இப்ப கச்சான் காத்து சூடா அடிக்குது, வெளியில 35 எண்டா பூட்டி வெச்ச வேனுக்குள்ள ஒரு மணித்தியாலத்தில 50 தாண்டிரும், வெயில் படுற கண்ணாடியடியில இன்னும் கூட. உள்ளுக்க இரிக்கிறது பியூட்டேன், அழுத்தி தண்ணியா அடைச்சு வெச்சிரிக்காங்க, சூடு ஏற ஏற அமுக்கமும் ஏறும். வெடிச்சாத்தான் ஆபத்து எண்டில்ல, வாயால கசிஞ்சாலே போதும். அந்தக் கேஸ் காத்த விட ரெண்டு மடங்கு பாரம், நீ மேல கண்ணாடிய ரெண்டு விரல் இறக்கி வெச்சா அது வெளிய போகாது, சீட்டுக்கடியில போய்ப் படுத்துக்கிடக்கும்.

உனக்கு இவ்வளவு நாளும் சொல்லாத கதை ஒண்டு. 2022ல பெற்றோலுக்கு நாள்கணக்கா லைன்ல நிண்டமே, அப்ப சேத்து வெச்ச பெற்றோல அஞ்சு லீட்டர் தண்ணிக் கேன்ல ஊத்தி வேன்ட பின்னுக்கு வெச்சிட்டு நானும் கொம்மாவும் மாமாங்கக் கோயிலுக்குப் போனம். கும்பிட்டு வந்து கதவத் திறந்தா மூஞ்சில அடிச்சிது மணம். கேன் வயிறு ஊதி நிக்குது, மூடியால ஊறி கால்மிதி நனைஞ்சிட்டு, நான் மடையன் வேன ஸ்டார்ட் பண்ணத் திறப்பப் போடப் போறன், கொம்மாதான் கையப் பிடிச்சு இழுத்தா. நாலு கதவையும் திறந்து போட்டுட்டு முக்கா மணித்தியாலம் மரத்தடியில நிண்டம். அதுக்குள்ள ஒருத்தர் சிகரட்டோட கிட்ட வந்தாரே, கொம்மா ஏசின ஏச்சில மனிசன் கும்பிடாமலே போயிட்டார் எண்டு நினைக்கன்.

அதால நீ என்ன செய், ரெண்டு நாள் பயணத்துக்கு ரெண்டு டின் காணும், கூட வாங்கி அடுக்காத. சமைச்சு முடிஞ்சதும் டின்ன அடுப்பில இருந்து கழட்டி மூடியப் போட்டு நிமித்தி வை, உருளாம துணியச் சுத்தி. வேன நிப்பாட்டிட்டு கடலுக்கு இறங்கக்குள்ள டின்னயும் தூக்கிக்கொண்டு போய் நிழல்ல வை, அலுப்புப் பாக்காத. கசியுதா எண்டு பாக்க சவுக்காரத் தண்ணி தடவு, குமிழி வந்தா அந்த டின் வேணாம், லைட்டர் பத்தவெச்சுப் பாக்கிற வேலை மட்டும் செய்யாத. முடிஞ்ச டின்ன நெருப்புல போட்டிராத. மழை பெய்யுது எண்டு வேனுக்குள்ள கதவச் சாத்திட்டு சமைக்கவும் கூடாது, வெடிக்காட்டியும் அந்த அடுப்புப் புகையில மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட் இரிக்கு, நித்திரையோடயே ஆளக் கொண்டு போயிரும்.

உகந்தைக்குப் பொத்துவில் பக்கம் போகக்குள்ள கல்லடியில நம்மட வீட்டுல இறங்கிட்டுப் போ. கொம்மா பிட்டும் மீன் பொரியலும் கட்டித் தாறாவாம், முதல் நாளைக்கு அடுப்பே தேவைப்படாது.

அப்பா