அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் சிறப்புப் பயிற்சி கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.

அனுப்புநர்: சென்னிமலை வட்டாரத்தில் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்.

பொருள்: மாற்றுத்திறன் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க நேரடிப் பயிற்சி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தறி. பொழுதுக்கும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருப்பதால் பெரியவர்களே கத்தித்தான் பேசிக்கொள்கிறோம், அதனால் ஒரு குழந்தை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் காது கேட்கவில்லையா, தறிச் சத்தமா, இல்லை ஆட்டிசம் மாதிரி ஏதாவதா என்று வீட்டில் யாருக்கும் பிடிபடாது. "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று அப்பத்தா சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. ஒரே வயசுப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் அங்கன்வாடி டீச்சர்தான். வித்தியாசம் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

பட்டால் என்ன செய்வது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எடை, உயரம், சத்துமாவு, செல்போனில் பதிவு, இதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. பயிற்சி என்று கூப்பிட்டாலும் மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்களாம். டீச்சர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆனால் அதில் உள்ள இலவசக் கல்வி உரிமை 6 வயதிலிருந்துதான். பிள்ளைக்குப் பேச்சு பிடிபடுவதும் நாலு பேரோடு பழகுவதும் அதற்கு முந்தைய வயசில் அல்லவா? 2023 நவம்பரில் மத்திய அரசு இதற்கென்றே ஒரு அங்கன்வாடி நெறிமுறை வெளியிட்டது. கண்டறிவது, மற்ற பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது, மருத்துவரிடம் அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. அது எங்கள் ஊர் மையத்துக்கு வந்து சேரட்டும் என்கிறோம்.

பயிற்சி பிள்ளைகளை வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். காது மந்தமான குழந்தையிடம் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பொருளைக் கையில் கொடுத்துப் பேசுவது, பாட்டுச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளையை அதட்டாமல் அடுத்து என்ன நடக்கும் என்று படத்தில் காட்டுவது, கிரயான் பிடிக்க முடியாத கைக்கு அதில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுப்பது (துண்டுத்துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன), இதெல்லாம் ஒருத்தர் செய்துகாட்டினால்தான் கைக்கு வரும். ஆயாவையும் விட்டுவிடாதீர்கள். சோறு ஊட்டுவதும் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான், அந்த நேரத்தில்தான் பாதி விஷயம் தெரியவரும்.

ஆள் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். பெருந்துறையில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷனிலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வியே ஒரு படிப்பு. வட்டார வள மையச் சிறப்பாசிரியர் மாதம் ஒருமுறை மையத்துக்கு வந்து, டீச்சர் செய்வதைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் படித்தது மறக்காது.

அப்புறம் ஒன்று. பயிற்சியை மே மாத விடுமுறையில் வைத்துவிடாதீர்கள், அவர்களுக்குக் கிடைப்பதே அந்த ஒரு ஓய்வுதான். வேலை நாளில் வையுங்கள், பஸ் செலவைக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு மையத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளையும் போட்டுவிடுங்கள். மையத்தைப் பூட்டினால் நாங்கள் தறிக்குப் போக முடியாதுங்க.

இப்படிக்கு,
பெற்றோர்கள்
(கையெழுத்துப் பட்டியல் இணைத்துள்ளோம்)